உள்ளறையின் புதுப் பலகைகள்

கதவைத் திறந்ததும் மிட்சுயோ மூக்கைப் பொத்திக்கொண்டாள். சற்று நேரம் கழித்துத்தான் கையை எடுத்தாள். நாற்றம் எதுவும் இல்லை.

இருந்திருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் முதலில் வற்றுவது சமையலறைத் தொட்டிக்கு அடியில் வளைந்த குழாய்க்குள் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர். அதுதான் சாக்கடையின் மூச்சை வீட்டுக்குள் ஏறவிடாமல் தடுப்பது. மாதம் ஒருமுறையாவது யாராவது வந்து குழாயைத் திறந்துவிட்டுப் போகாவிட்டால் அது காய்ந்துபோய், நாற்றம் மெல்லக் கிளம்பி, புல்பாய்களிலும் காகிதக் கதவுகளிலும் அடுக்கி வைத்த மெத்தைகளிலும் குடியேறிவிடும். அம்மாவின் இந்த வீட்டுக்கு அவள் வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மூன்று மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறது என்று ஒசாகாவிலிருந்தே முகமூடியும் கரித்தூள் பொட்டலங்களும் வாங்கி வந்திருந்தாள்.

தொட்டி ஈரமாக இருந்தது. குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது.

தரகர் ஹமாசாகியாக இருக்குமோ என்று நினைத்தாள். ஆனால் சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது. வாசலறைக்கு அவள் போட்ட பூட்டை இப்போது அவள்தான் திறந்தாள். அதன் துளையிலிருந்து துரு உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

தாழ்வாரத்துக்குப் போனாள். தோட்டத்தைப் பார்த்த பக்கம் முழுவதும் பக்கவாட்டில் தள்ளி மூடும் ஐந்து மழைக்கதவுகள். பழைய மரம், இரண்டு பனிக்காலம் கண்டால் ஊதிப்போய் நகராது. தோளைக் கொடுத்து நெட்டித் தள்ளலாம் என்று தயாராக நின்றவள், விரல் பட்டதும் முதல் கதவு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனதில் நிலைதடுமாறினாள். குனிந்து பார்த்தாள். அடிச்சட்டப் பள்ளத்தில் வெள்ளையாக மெழுகு தேய்த்திருந்தது. புது மெழுகு. நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது.

“மிட்சு! வந்துட்டியா?”

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குனிமாட்சு, கையில் ஒரு பை சீமைப்பனிச்சைப் பழங்களோடு நின்றார். எழுபதைத் தாண்டியும் தெருச் சங்கத் தலைவர் அவர்தான். அம்மா வீட்டு வாசலில் செய்தித்தாள்கள் குவிந்ததைப் பார்த்துப் போலீசுக்குச் சொன்னவரும் அவர்தான். அவர் முகத்தை நேராகப் பார்க்க மிட்சுயோவால் முடியவில்லை.

“வாங்க மாமா. ரொம்ப நாளாச்சு.”

“என்ன ரொம்ப நாளு? உன்னை நேர்ல பார்த்துத்தான் ரொம்ப நாளு. தினமும் நான் நாயோட வர்றதுக்குள்ள கதவெல்லாம் திறந்து கிடக்கு. பொழுது சாஞ்சா மூடியிருக்கு. நீ எப்ப வர்றே, எப்ப போறேன்னே தெரியல. பூனையா நீ?”

மிட்சுயோ மழைக்கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என் வீட்டுக்காரி உன்னைப் பத்தி என்னென்னமோ சொன்னா. பெத்தவளை அநாதையா விட்டவன்னு. நான் சொன்னேன், பாருடி, வீட்டை எப்படி வச்சிருக்கான்னு. அந்தப் பொண்ணு மோசமில்லைன்னு. தப்பா பேசினதுக்கு மன்னிச்சுக்கோ.”

நான் இல்லை மாமா. வருவது நான் இல்லை. ஆறே வார்த்தை. சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு வருடத்தில் முதல்முறையாக இந்தத் தெருவில் ஒருவர் அவளை அருவருப்பில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சதைச் செய்யறேன் மாமா” என்றாள். காது மடல்கள் எரிந்தன.

“வாங்க வர்றவங்ககிட்ட அந்த விஷயத்தைப் பத்தி எங்க தெருவுல யாரும் வாயைத் திறக்க மாட்டோம். ஆள் வந்தா தெருவுக்கும் நல்லதுதானே.”

அந்த விஷயம். உள்ளறையில் அம்மா தடுக்கி விழுந்த அன்று மிட்சுயோ அலுவலகத்தோடு வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போயிருந்தாள். அம்மா ஏழு முறை கூப்பிட்டாள். இடுப்பு வலிக்கிறது, கூரை ஓடு சரிந்திருக்கிறது, நீ எப்போது வருவாய் என்ற அதே புலம்பலாக இருக்கும் என்று மிட்சுயோ எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அழைப்பு வரவில்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த ‘அப்பாடா’ பதினெட்டு நாள் நீடித்தது. ஆகஸ்ட் மாதம். பிறகு அதற்கென்றே இருக்கும் துப்புரவு ஆட்கள் உடம்பெல்லாம் மூடிய உடையில் வந்து, பாயை எடுத்து, அதற்கடியில் பலகையை எடுத்து, அதற்கும் அடியில் மண்ணை வாரிக்கொண்டு போனார்கள். புதிதாகப் பலகை அடித்தாள். தரகரின் படிவத்தில் ‘இந்த வீட்டில் மரணம் ஏதும் நிகழ்ந்ததா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினாள்.

மூன்று மணிக்கு இரண்டு கார்கள் வந்தன. ஒன்றில் ஹமாசாகி, இன்னொன்றில் ஹிரோஷிமாவிலிருந்து தோய் என்பவரும் அவர் மனைவியும். கணவர் உத்தரங்களைத் தட்டிப் பார்த்தார், கூரைக்கு ஏணி வைத்து ஏறினார், தரையடியில் விளக்கடித்துக் கரையான் தேடினார். நல்ல மனிதர்கள். அதுவே மிட்சுயோவுக்குத் தாங்கவில்லை.

“ரெண்டு வருஷம் பூட்டியிருந்த வீடுன்னு சொல்லவே முடியல” என்றாள் தோயின் மனைவி. “என்ன சுத்தம்! எப்படிப் பார்த்துக்கறீங்க?”

“அப்பப்ப வந்து...” என்றாள் மிட்சுயோ.

உள்ளறையில் அந்தப் பெண் குனிந்து, புதுப்பலகையை உள்ளங்கையால் தடவினாள். பழுப்பேறிய பழைய தரைக்கு நடுவில் அது ஓர் ஆள் நீளத்துக்கு வெளிறிக் கிடந்தது.

“இது மட்டும் ஏன் புதுசு?”

“கரையான்.”

“ஓ. எங்கம்மாவை இங்க தங்க வைக்கலாம்னு இருக்கோம். முட்டி வலி, படி ஏற மாட்டாங்க. இந்த அறைதான் வெயில் வருது.” எழுந்து, தயக்கத்தோடு குரலைத் தாழ்த்தினாள். “கேட்கக் கூடாதுதான்... உங்கம்மா இந்த வீட்டுலயா?”

எங்கிருந்தோ அந்தச் சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்தன.

“இல்லைங்க, ஆஸ்பத்திரியில. தூக்கத்துலயே போயிட்டாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சிட்டே இருந்தேன்.”

“குடுத்து வச்சவங்க” என்றாள் அந்தப் பெண். அவள் கண் கலங்கியிருந்தது.

அப்போது சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றது. அதுவரை அது சொட்டிக்கொண்டிருந்ததே மிட்சுயோவுக்கு அப்போதுதான் உறைத்தது. கூரையில் ஓடு முனகுவதும் நின்றது. பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருவர் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதுபோல வீடு அமைதியானது.

வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

“ரயிலடியில விட்டுடறேன் மிட்சுயோ-சான். பூட்டிட்டு வாங்க, வெளியில நிக்கறேன்” என்றார் ஹமாசாகி. அவர் குரலிலும் சந்தோஷம்.

நாலரைக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. மிட்சுயோ தாழ்வாரத்தின் கோடியிலிருந்து கதவுகளை மூட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் மெழுகில் வழுக்கி வந்து பொருந்தும்போது வீட்டில் ஒரு பங்கு இருள் கூடியது. முதலில் தோட்டத்து அத்தி மரம் மறைந்தது, பிறகு கல்தொட்டி, பிறகு குனிமாட்சு வீட்டுச் சிவப்பு ஓடு. மர வாசனையும் பழைய துணி வாசனையும் நெருங்கி வந்து முகத்தருகே நின்றன. நான்காவதை மூடும்போது நாளைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். தோயின் மனைவியிடம் மட்டும். அவளுடைய அம்மா இந்தப் பலகைமேல் மெத்தை விரிப்பதற்குள்.

சொல்ல மாட்டாள் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

ஐந்தாவது கதவு மூடியது.

வாசலுக்குப் போக உள்ளறையைக் கடக்க வேண்டும். கைப்பேசி பைக்குள், பை வாசலறையில். பழகிய வீடுதானே. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். காலுறைக்கு அடியில் பழைய பலகை. சொரசொரப்பு. பழைய பலகை. பிறகு வழுவழுப்பு.

நின்றாள்.

கீழே யாரோ மூச்சு விட்டார்கள். முட்டிக்குக் கீழே. தரையோடு தரையாக.

இல்லை. காற்று.

காற்று இப்படி விட்டுவிட்டு வராது.

தொங்கிக்கொண்டிருந்த அவள் இடது கையின் சுண்டுவிரலை ஏதோ தொட்டது. சரியாகத் தெரியாத ஒன்றைத் தேடுவதுபோல. விலகியது. மறுபடி தொட்டது. பிறகு ஒரு கை, காய்ந்து லேசான கை, அவள் கைக்குள் வந்து படுத்துக்கொண்டது.

அழுத்தவில்லை. இழுக்கவில்லை. பிடித்துக்கொள்ளக் கொடுத்தது, அவ்வளவுதான்.

“அம்மா” என்றாள். சத்தம் வரவில்லை.

அந்தக் கை கொஞ்சம் தாழ்ந்தது. அவளும் தாழ வேண்டியிருந்தது. முட்டி பலகையில் பட்டது. இன்னும் தாழ்ந்தது. முழங்கை. தோள்.

வாசலில் செருப்பு தேயும் சத்தம். “மிட்சுயோ-சான்? ஆச்சா? உள்ள வந்து உதவட்டுமா?” ஹமாசாகியின் கைவிளக்கு வெளிச்சம் காகிதக் கதவில் வட்டமாக விழுந்தது. அவர் நான்கு எட்டு வைத்தால் போதும்.

கத்த வாயைத் திறந்தாள். அவர் வருவார். கேட்பார். உங்கம்மா ஆஸ்பத்திரியில்தானே இறந்தார் என்பார். குனிமாட்சு வருவார். வீட்டை யார் திறந்து மூடிக்கொண்டிருந்தது என்பார். எல்லோரும் விளக்கோடு இந்த அறையில் சுற்றி நின்று, இந்தப் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

“வேண்டாங்க” என்றாள். குரல் ஆச்சரியமாகத் தெளிவாக இருந்தது. “நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன். நீங்க போங்க.”

“அம்மா ஞாபகம் வந்துடுச்சா?” அவர் சிரித்தார். கரிசனமான சிரிப்பு. “சரி, நான் கிளம்பறேன். நிதானமா வாங்க.”

வெளிச்ச வட்டம் நகர்ந்தது. வாசல் கதவு மூடியது. கார் கிளம்பியது. வளைவு வரைக்கும் கேட்டது. பிறகு இல்லை.

மிட்சுயோ புதுப்பலகையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எதிரே, மூக்குக்கு மூக்கு, அந்த மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. கைக்குள் இருந்த விரல்கள் முதல்முறையாக அசைந்தன. அவசரமில்லாமல் அவள் விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாக நுழைந்தன. பின்னிக்கொண்டன. இருட்டுக்குள்ளிருந்து இன்னொரு கை வந்து, போர்வையைச் சரி செய்வதுபோல அவள் கழுத்துவரை எதையோ இழுத்துப் போர்த்தியது.