பிள்ளையைவிடப் பெரிய பெயர்

மச்சம்தான் முதலில் கண்ணில் பட்டது.

முன்பின் தெரியாத ஓர் இணையதளத்தில் அவளுடைய ஐந்து வயது மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளே எடுத்த படம்தான்; குழந்தைகளைப் படம் எடுப்பதுதான் அவள் பிழைப்பு. திருட்டும் புதிதல்ல. மூலையில் பெயர் போட்டால் வெட்டிவிடுகிறார்கள் என்று, இணையத்தில் ஏற்றும் ஒவ்வொரு படத்திலும் கன்னத்துக்குக் குறுக்கே தன் ஸ்டூடியோ பெயரைச் சாம்பல் எழுத்தில் போட்டுவிடுவாள். "பிள்ளையவிட உன் பேருதான் பெருசா இருக்கு" என்று கணவன் கிண்டலடிப்பான். அந்தப் பெயரை எவனோ துடைத்திருந்தான். துடைத்த இடம் எப்போதும் தீற்றலாகத்தான் இருக்கும். இங்கே, எழுத்துக்கு அடியில் அவள் மறைத்துவைத்திருந்த மச்சம் அப்படியே இருந்தது. வெளியே விட்ட எந்தப் படத்திலும் தெரியாத மச்சம்.

மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு முறை கிறீச்சிட்டது. கணினியிலிருந்து சூடேறிய தூசியின் வாடை வந்தது. பக்கத்து அறையில் மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காகிதத்தில் கிரேயானைத் தேய்க்கும் சத்தம் விடாமல் கேட்டது. அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். படத்தை எடுத்துவிடச் சொல்லி அந்தத் தளத்துக்கே புகார் எழுதினாள். அனுப்பிய கையோடு பதில் வந்தது.

'உங்களுடையது என்பதற்கு ஆதாரமாக, பெயர் போடாத மூலப்படத்தை அனுப்பவும்.'

மூலப்படத்தை யாருக்கும் தரக்கூடாது என்பது அவள் தொழிலில் முதல் பாடம். கோபம் கண்ணை மறைத்தது. கேமராவிலிருந்து இறக்கிய படத்தை அப்படியே அனுப்பினாள்.

'பெற்றுக்கொண்டோம். இனி எங்களுடையது.'

பக்கத்து அறையில் கிரேயான் சத்தம் நின்றது.

பதறிப்போய்த் தன் கணினியில் இருந்த மூலப்படத்தைத் திறந்தாள். மகளின் கன்னத்துக்குக் குறுக்கே சாம்பல் எழுத்து. அவள் ஸ்டூடியோவின் பெயர் அல்ல; அந்தத் தளத்தின் பெயர். சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தாள். அதிலும். ஃபோனில் தேடினாள். முதல் பிறந்தநாள். முதல் பல். எல்லாவற்றிலும்.

"அம்மா."

மகள் கதவருகே நின்றாள். "மூஞ்சில என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கும்மா. போக மாட்டேங்குது."

மச்சத்தின் மேல் அதே எழுத்து.

துணியை நனைத்துத் தேய்த்தாள். கன்னம் சிவந்தது. எழுத்து அப்படியே இருந்தது.

"வலிக்குதும்மா."

கை தானாக நின்றது. என் கையாலேயே கொடுத்துவிட்டேனே என்று துணியைக் கீழே போட்டாள்.

"யாரோ கூப்பிடறாங்க" என்றாள் மகள். திரும்பினாள்.

முகம் திரும்பியது. எழுத்து திரும்பவில்லை. பின்தலை முடியின் மேல், அம்மாவைப் பார்த்தபடி நின்றது.

மகளின் தோளைப் பற்றினாள். பளபளத்த படத்தாளைத் தொட்டதுபோல் விரல் வழுக்கியது. மறுபடி பற்றினாள். வழுக்கியது.

மகள் கூடத்தில் நடந்தாள். தள்ளிப் போகப் போகச் சிறுத்தாள். எழுத்து சிறுக்கவில்லை. முதலில் தலையை மறைத்தது. பிறகு தோளை. வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது, கூடத்தின் கோடியில் அந்தப் பெயர் மட்டும்தான் தெரிந்தது.