சுருக்கம் போதும்

செவ்வாயின் ஆறாம் குழிநகரில் காலை ஏழு மணி என்றால் திட்டு வாங்கும் நேரம். ஒவ்வொரு அறைச் சுவரிலிருந்தும் யாரோ ஓர் அம்மாவோ அப்பாவோ திட்டிக்கொண்டிருப்பார்கள். பூமியிலிருந்து ஒரு சொல் வந்து சேரப் பதினைந்து நிமிடம், பதில் போகப் பதினைந்து நிமிடம். இந்த லட்சணத்தில் யாரும் யாரோடும் சண்டை போட முடியாது. அதனால் குடியேற்ற நிர்வாகம் ஆளுக்கொரு பதிலி கொடுத்திருந்தது. குரலும் குணமும் ஏற்றிய நிரல் அது. இங்கே அம்மாவுக்கு ஒரு பதிலி, அங்கே மகளுக்கு ஒரு பதிலி. உண்மையான ஆள் வாரம் ஒருமுறை பேசி அனுப்புவதைக் கேட்டு அது தன் பேச்சுநடையை மட்டும் புதுப்பித்துக்கொள்ளும். மற்ற நாளெல்லாம் அதுவே அம்மா.

இளமதி காற்றுக்குழாய்ப் பிரிவில் பொறியாளர். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்து, அந்த ஓட்டு எண்ணெயில் விரல்தோல் உரிய உரிய அவளைப் படிக்கவைத்தவள் பவுனாம்பாள். அந்த அம்மாவின் பதிலி அன்று காலை சொன்னது:

“ஆணி அடிச்ச பலக மாரி நிக்கிற. தின்னுட்டுப் போடி.”

இளமதி கரண்டியைக் கீழே வைத்தாள். ஆணி அடித்த பலகை அந்த வாரத்தில் மூன்றாவது முறை. பவுனாம்பாள் ஒரே திட்டை இரண்டு தடவை திட்டுகிறவள் இல்லை. தினம் புதிதாக ஒன்று கட்டுவாள். தெருவில் அவளுக்கு அதில் ஒரு பேரே உண்டு.

“அம்மா, நீ கடைசியா எப்ப பேசி அனுப்புன?”

“எல்லாம் நல்லாருக்குதுடி. ஒடம்ப பாத்துக்க.”

செய்தி அலுவலகத்தில் போய்க் கேட்டாள். சேவையில் தடை ஏதும் இல்லை என்றது சாளர எந்திரம். மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னது. அலைவரிசையை மிச்சம் பிடிப்பதற்காக அம்மாவின் குரலை வெட்டிவிட்டார்கள் என்று இளமதி முடிவு செய்தாள். வெட்டுவது என்று வந்தால் முந்திரி உடைக்கிறவள் குரலைத்தானே முதலில் வெட்டுவார்கள். விடுதியில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுப் படித்தவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

செவ்வாயைச் சுற்றும் அஞ்சல்கோளிலிருந்துதான் பூமிச் செய்திகள் எல்லாம் இறங்கும். குடும்பக் குரல்களை யாரும் பூட்டி அனுப்புவதில்லை. கேட்க ஓர் அலைவாங்கி வேண்டும், அவ்வளவுதான். வானிலைப் பிரிவு கழித்துப்போட்ட கட்டைவிரல் அளவு அலைவாங்கி ஒன்றை எடுத்து வந்தாள். விடுமுறை நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். பக்கத்து அறை சகாயராணி கட்டிலில் கால் நீட்டி வேடிக்கை பார்த்தாள். தூத்துக்குடிக்காரி.

“ஏட்டி, கண்டுபிடிச்சா வேலைய விட்டுத் தூக்கிருவானுவ. தெரியும்லா?”

“தூக்கட்டும்.”

“அப்ப இந்தக் கட்டில எனக்கு எழுதி வச்சிட்டுப் போ. மெத்து மெத்துன்னு கெடக்கு.”

இது மென்வானொலி. முடுக்கித் திருப்ப இதில் குமிழ் கிடையாது. வாங்கி அலையை எண்ணாக்கிக் கொடுக்கும். குரலைப் பிரித்தெடுக்கும் வேலை எல்லாம் நிரலுடையது. முதலில் கணினி வாங்கியை வானிலைக் கருவி என்று பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. கருவி வேறு வேலையில் இருக்கிறது என்று ஏழு முறை சொன்னது. அப்படிப் பிடித்துவைத்த பழைய இயக்கி நிரலைத் தேடித் தடைப்பட்டியலில் போட்ட பிறகுதான் கை விட்டது. அடுத்து, பெருக்கத்தைக் கூட்டினால் திரை முழுக்க இரைச்சல், குறைத்தால் ஒன்றுமில்லை. அலைவரிசை ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. அஞ்சல்கோள் ஓடுகிற வேகத்தைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தாள்.

“இந்த இரைச்சல கேக்கவா லீவு நாள பாழாக்குன?” என்றாள் சகாயராணி.

இளமதி திருத்தத்தைச் சேர்த்தாள். திரையில் மேலிருந்து கீழே வழியும் அருவிப் படத்தில் கோணலாகப் போன கோடு நேராக நின்றது. தன் முகவரிக்கு வரும் குரலை மட்டும் பிரிக்கச் சொன்னாள். கரகரப்புக்குள்ளிருந்து அம்மா வந்தாள்.

“இளமதி, அம்மா பேசுறேன். மெசினு இல்ல, நான்தான். வயித்துல கட்டின்றாங்க. கிழிச்சாத்தான் ஆச்சுன்றான் டாக்டரு. எனுக்கு பயமா இருக்குது. பயம்னு ஒங்கிட்ட சொன்னதே இல்ல, இல்ல? நீ படிச்ச புள்ள. செய்யின்னா செஞ்சிக்கிறேன், வாணாம்னா வாணாம். இங்க இருக்குற ஒன் மெசினு கவலப்படாதம்மான்னு தேனொழுவுது. அத யாரு கேட்டா. நீ சொல்லுடி. ஊறப்போட்ட புளி மாரி கம்முனு கெடக்காத.”

ஊறப்போட்ட புளி. இதுவரை திட்டாத திட்டு. இளமதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “எங்கம்மாதான். வெட்டிட்டானுங்க, பாத்தியா. இதக் கூட எனக்குக் குடுக்கல.”

“ஏட்டி, கீழ என்னவோ ஓடுது பாரு,” என்றாள் சகாயராணி.

குரலுக்கு அடியில் செய்தியின் தலைப்பு வந்திருந்தது. பேசிய நாள்: நாற்பத்தாறு நாளுக்கு முன். பெறுநர் ஏற்காததால் மூன்றாம் அனுப்பல், இனி அழிக்கப்படும். பெறுநர் விருப்பம்: குரல் வேண்டாம், சுருக்கம் போதும்.

யாரும் எதையும் வெட்டவில்லை. இங்கு வந்த இரண்டாம் மாதம், பக்கத்து வீட்டுச் சண்டையை அம்மா முப்பத்தெட்டு நிமிடம் பேசி அனுப்பியபோது, எரிச்சலில் இளமதியே போட்ட டிக் அது. அன்றிலிருந்து அம்மாவின் குரல் பதிலிக்கு மட்டும் போனது; அவளுக்குப் பேச்சு எல்லாம் இரண்டு வரியாகச் சுருங்கி, குழாய்ப் பராமரிப்பு அறிவிப்பு, உணவகப் பட்டியல் இவற்றோடு அவள் கைப்பலகைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. வேலைக்கு ஓடும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து, ‘சரி’ என்னும் கட்டைவிரல் குறியை ஒரே தட்டு தட்டுவாள்.

கைப்பலகையில் பழைய சுருக்கங்களைத் தேடி எடுத்தாள்.

‘தாயாருக்கு வயிற்றில் கட்டி. அறுவை செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்.’ எதிரே, அவள் போட்ட கட்டைவிரல்.

‘மகள் சம்மதித்ததால் அறுவைக்குச் சேர்ந்தார்.’ கட்டைவிரல்.

‘தாயார் பிழைக்கவில்லை. ஆழ்ந்த வருத்தங்கள்.’ கட்டைவிரல்.

சகாயராணி கட்டிலிலிருந்து எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள். இளமதி அடுத்த வரியையும் படித்தாள்.

‘அன்னாரின் பதிலி தொடர்ந்து பேசட்டுமா?’

அதற்கும் போட்டிருந்தாள்.