முள்மரத்தடிக் கல்

1611 நவம்பரில், வேல்ஸ் நாட்டு மெய்ரியோனித் சீமையின் லான்ஃபெலின் தேவாலயத்தில், நிலவழக்கு ஒன்றின் சாட்சிகளை விசாரிக்க ஆணையர் இருவர் அமர்ந்தனர். சாட்சிகள் வெல்ஷ் மொழியில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதும் வேலை எனக்கு.

விடிந்ததிலிருந்து மழை. ஈரக் கம்பளியின் நாற்றமும் கொழுப்பு விளக்கின் கருகலும் உள்ளே தேங்கியிருந்தன.

வழக்கு ஒரு மலைமேய்ச்சல் நிலம் பற்றியது. விதவை குவெர்வில் கோடையில் தன் மாடுகளை அங்கேதான் ஏற்றுவாள். அது போனால் மாடுகள் போகும். மாடுகள் போனால் அவளும் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். அவள் நிலம் கீழே ஓடைக்கரைக் கல்லோடு முடிகிறது என்றார், மேய்ச்சலைத் தனக்குக் கேட்ட பண்ணையார். இல்லை, மேலே முள்மரத்தடியில் நிற்கும் கல்தான் எல்லை என்றாள் அவள்.

எங்கள் பக்கத்தில் எல்லையைக் காப்பது கன்னம். ஊர் எல்லையைச் சுற்றிவரும் நாளில், ஒவ்வோர் எல்லைக்கல்லருகிலும் ஒரு சிறுவனை ஓங்கி அறைவார்கள். வலித்த இடம் மறக்காது. அவன் கிழவனான பிறகு அவன் சொல்தான் சாட்சி. அந்த மலையில் அறை வாங்கியவர்களில் மிஞ்சியிருந்தவர் ரிதெர்க் மட்டும். அவர் குடியிருந்ததோ பண்ணையாரின் குடிசையில்.

அவர் வந்தபோது இடக்கன்னம் சிவந்திருந்தது.

வாசலில் பண்ணையாரின் காரியக்காரன் மைரிக் குவெர்விலைப் பார்த்துச் சிரித்தான்.

"பெருசு பொய்ச்சத்தியம் பண்ண மாட்டாராம். அதான் காலையில ஓடைக்கல்லுகிட்ட நிக்கவெச்சு ஒண்ணு விட்டேன். இனிமே அவரு சொல்றது நெசம்தானே?"

"ஆடு மேய்ச்ச அவரோட அப்பன் முள்மரத்தடியில அறைஞ்ச கன்னம்டா அது. அதுமேலயா உன் கைய வெச்ச?" என்றாள் அவள். பிறகு கிழவரிடம், "மாமா, எங்க வீட்டு மோரு குடிச்சு வளந்த நாக்கு. பாத்துப் பேசு" என்றாள்.

ரிதெர்க் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வேதப்புத்தகத்தில் கைவைத்தார்.

"எல்லைக்கல்லு எதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் ஆணையர்.

"அறை வாங்கியிருக்கேனுங்க. ஓடைக்கல்லுகிட்ட."

ஒரு சத்தம். ஈரத்தோலைக் கல்லில் அடித்தது போல.

ரிதெர்க்கின் தலை வலப்பக்கம் வெட்டித் திரும்பியது.

அவரருகில் யாரும் இல்லை.

"என்னய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. ஓடைக்..."

மறுபடியும்.

'சாட்சி சற்று நிறுத்தினார்' என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது?

மேய்ப்பர்கள் செம்மறிகளின் புண்ணுக்குப் பூசும் தாரின் வாடை மெல்ல எழுந்தது. ஆணையர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வாசலில் மைரிக்கின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

மூன்றாவது அறை விழுந்ததும் கிழவரின் உதடு கிழிந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஏழெட்டு வயதுப் பிள்ளையின் குரலில் கெஞ்சினார்.

"வேணாம்ப்பா. ஞாபகம் இருக்குப்பா."

"எங்க?"

கேட்டது ஆணையர் அல்ல. இருவர் வாயும் மூடியிருந்தன.

"மேல. முள்மரத்தடிக் கல்லு." ரிதெர்க் அழுதார். "எழுதிக்கோங்க ஐயா. என் குடிசை போகட்டும்."

எழுதினேன். அதன்பின் அறை விழவில்லை.

அடுத்த ஆண்டு தீர்ப்பு வந்தது. நிலம் குவெர்விலுக்கு. பண்ணையார் ரிதெர்க்கைக் குடிசையிலிருந்து வெளியேற்றினார். குவெர்வில் தன் மாட்டுக்கொட்டிலின் பரணில் இடம் கொடுத்தாள். குளிர்காலம் முடிவதற்குள் அங்கேயே இறந்துபோனார்.

அந்த வசந்தத்தில் எல்லை சுற்றியபோது, இனி யாரையும் அடிக்கக் கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் ஓடையைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் மூவர் மூடுபனிக்குள் முன்னால் ஓடி, முள்மரம் வரை ஏறிவிட்டார்கள்.

இறங்கி வந்தபோது மூவருக்கும் இடக்கன்னம் சிவந்திருந்தது.