விளக்கை அணைத்தது யார்?

மாலை 5.35.

நீல வெல்வெட் பெட்டியைத் திறந்த சிவமலர் அதை உடனே மூடினார். பிறகு மறுபடியும் திறந்தார். இரண்டாவது தடவை திறந்தால் பதக்கம் மனம் மாறித் திரும்பி வந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. பெட்டிக்குள் பதக்கம் இருந்த வட்டப் பள்ளம் மட்டுமே இருந்தது.

“தாட்சா, இங்க ஒருக்கா வாரும்.”

தாட்சாயினி அன்றைய சிறப்பு விருந்தினர். ஒரு காலத்தில் சிவமலரிடம் வேதியியல் படித்தவள். இப்போது மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் குடியிருந்துகொண்டு, ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிப்பவள். எரிந்த கடை தானாகத்தான் எரிந்ததா, களவுபோன கார் மச்சான் வீட்டுக் கராஜில் நிற்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சந்தேகம்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. வீட்டில்கூட அவளுக்குத் தெரியாமல் ஒரு பிறந்தநாள் கேக் வாங்க முடியாது.

இன்னும் அரை மணி நேரத்தில் சுடர் கழகத்தின் சேர்ப்பு விழா. மொன்றியல் கல்லூரிகளில் படிப்பில் முன்னால் நிற்கும் தமிழ்ப் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை தேர்ந்து சேர்த்துக்கொள்ளும் கழகம் அது. புதியவர்கள் ஒவ்வொருவராக மேடையேறிக் குத்துவிளக்கிலிருந்து தங்கள் மெழுகுதிரியை ஏற்ற வேண்டும். சிவமலர் எழுதிய உறுதிமொழியைச் சொல்ல வேண்டும். ‘அறிந்ததை ஒளியேன். அறியாததை அறிந்தேன் என்று தலையாட்டேன்.’ முதலிடம் பெற்றவர் கழுத்தில் சங்கிலியோடு தங்கப் பதக்கம் விழும். அந்தப் பதக்கத்தைத்தான் காணவில்லை.

தாட்சாயினி எதையும் தொடாமல் மேடையைச் சுற்றி வந்தாள். ஐந்துமுகக் குத்துவிளக்கு அணைந்து கிடந்தது. பக்கத்தில், கல்லூரிக் காவலாளி வற்புறுத்தி வைக்கச் சொன்ன சிவப்புத் தீயணைப்பான் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி விறைப்பாக நின்றது. விளக்கில் நல்லெண்ணெய் விளிம்பு வரை தளும்பியது. ஐந்து திரிகளும் தடித்து, வெள்ளை வெளேரென்று, நுனியில் மட்டும் கறுத்திருந்தன. மேசைக்கடியில் சில பஞ்சுத் துணுக்குகள்.

“கடைசியா எப்ப பாத்தனீங்கள் ரீச்சர்?”

“அஞ்சு மணிக்கு. ஒத்திகை முடிஞ்சு எல்லாரும் வடை சாப்பிடக் கீழ போகேக்க பெட்டிக்குள்ள இருந்தது. கயலிட்டத்தான், ‘திரியளை நூத்துப்போட்டு வாரும்’ எண்டு சொல்லிப்போட்டுப் போனன். நெருப்பை எரியவிட்டிட்டுப் போகக் கூடாதெண்டு காவலாளி கண்டிப்பாச் சொன்னவன்.”

“அவ எப்ப கீழ வந்தவ?”

“பத்து நிமிஷத்தில. பிறகு ஒருத்தரும் கன்டீனை விட்டு அசையேல்லை. எல்லாருமா ஒண்டாத்தான் மேல வந்தனாங்கள்.”

“எல்லாருமா?”

சிவமலர் தயங்கினார். “அரியரத்தினம் அண்ணை மட்டும் கன்டீனுக்குப் பிந்தி வந்தவர். அவரை விடும், பதக்கமே அவர் தந்ததுதானே.”

தாட்சாயினி யாரையும் விடுவதாக இல்லை.

அரியரத்தினத்துக்குச் செயின்ட்-மிஷேலில் இரண்டு மளிகைக் கடைகள், இல்-பிசாரில் பெரிய வீடு. வருடம் தவறாமல் இந்தப் பதக்கத்தைச் செய்வித்துக் கொடுக்கிறவர். மகள் கஜந்தினி இந்த வருடம் கழகத்தில் சேர்கிறாள், இரண்டாம் இடம். வெப்பமூட்டி முழு மூச்சில் இயங்கிய அந்த மண்டபத்தில் மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்க, அவர் பனிக்காலக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நின்றார்.

“சொல்ல விருப்பமில்லைத் தங்கச்சி,” என்று தொடங்கினார். சொல்ல விருப்பமில்லை என்று தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார்கள் என்பது தாட்சாயினியின் அனுபவம். “நான் நேரா லிஃப்டில மேல வந்திட்டன். கண்ணாடிக் கதவால பாத்தனான். அந்த இந்தியாப் பிள்ளை, கயல், விளக்கை நூத்துக்கொண்டு நிண்டவ. நூத்துப்போட்டு, கை பெட்டிப் பக்கம் போனது. நான் பெரிசா எடுக்கேல்லை. கீழ இறங்கி வந்திட்டன்.”

“பொலிசைக் கூப்பிடுவமோ அண்ணை?”

“ஐயோ, வேண்டாம். படிக்க வந்த பிள்ளை, விசாவில பிரச்சனை வந்திடும். பேரை மட்டும் எடுத்துவிடுங்கோ. பதக்கம் போனாப் போகட்டும். நான் வேற செய்து தாறன்.”

பெருந்தன்மையான பேச்சுத்தான். ஆனால் பொருளைத் தொலைத்தவர்கள் முதலில் பொருளைத்தான் கேட்பார்கள். அதை விட்டுவிட்டு ஆளைத் தூக்கு என்பவர்களை அவள் தன் வேலையில் நிறையப் பார்த்திருந்தாள்.

5.45. கயல் முன்வரிசை நாற்காலியொன்றில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்திலிருந்து வந்து புள்ளியியல் படிக்கிற பெண், இந்த வருட முதலிடம் அவளுக்குத்தான். தனக்கு வரப்போகிற பதக்கத்தை யாராவது எடுப்பார்களா என்று கேட்கலாம்; ஆனால் சொந்தக் காரையே களவாடுகிறவர்களைப் பார்த்தவள் தாட்சாயினி. திரையில் அவளுடைய அம்மா. அங்கே இன்னும் விடியவில்லை. ஆனாலும் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, மகள் மேடையேறுவதைப் பார்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த தாட்சாயினி, இந்தப் பெண்ணாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வேண்டுதலுக்கும் விசாரணைக்கும் சம்பந்தமில்லை என்று உடனே தன்னைக் கண்டித்துக்கொண்டாள்.

கயலை மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். சிவமலரும் அரியரத்தினமும் கூடவே வந்தார்கள்.

“கடைசியா மண்டபத்தை விட்டுப் போனது நீர்தானே?”

“ஆமாங்க மேடம்.”

“திரியளை நூத்தது நீர்தானே?”

“ஆமா மேடம். மலர் மேடம் சொன்ன மாதிரியே பண்ணேன். மொத தடவை சரியா வரலை. ரெண்டாவது தடவைதான் நல்லா வந்துச்சு. கையெல்லாம் எண்ணெய். தொடச்சுட்டுக் கீழ வந்துட்டேன்.”

‘டங்’ என்று சத்தம் கேட்டது. அரியரத்தினத்தின் கையிலிருந்த கார்ச் சாவி தரையில் விழுந்திருந்தது. அவர் குனிந்து எடுத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் நல்ல திகைப்பு. அதை மறைத்துக்கொண்டு, “பாத்தியளோ, அவவே ஒத்துக்கொள்ளுறா,” என்றார்.

“பெட்டியைத் தொட்டனீரோ?”

“இல்ல மேடம். சத்தியமா இல்ல.” அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. “நான் எடுத்தேன்னு நெனைக்கிறீங்களா?”

சிவமலர், புதியவர்களுக்குக் குத்திவிட வேண்டிய கழக முத்திரை ஊசிகள் வரிசையாக வைத்திருந்த தட்டிலிருந்து கயலின் ஊசியை எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். “முடிவு தெரியும் வரைக்கும் பிள்ளை,” என்றார். அவருக்கே அழுகை வந்துவிட்டது. கயல் முன்வரிசைக்குப் போய்க் கைபேசி முன்னால் குனிந்து, “கொஞ்சம் லேட்டாகும்மா, நீ படுத்துக்கோ,” என்று சொல்வது கேட்டது. அம்மா படுப்பதாக இல்லை.

தாட்சாயினி குத்துவிளக்கின் முன்னால் நின்றாள். ஏதோ ஒன்று உறுத்தியது. பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி, நாக்கு அங்கேயே போய்ப் போய் நின்றது.

‘மொத தடவை சரியா வரலை.’

ஒரு விளக்கை எப்படி இரண்டு தடவை அணைப்பது? அணைப்பதில் சரியாக வருவதென்ன, வராததென்ன? அவள் மறுபடியும் அந்தத் தடித்த திரிகளைப் பார்த்தாள். கீழே கிடந்த பஞ்சைப் பார்த்தாள். தளும்பும் எண்ணெயைப் பார்த்தாள். அணைத்துவிட்டுப் போகிறவர் எதற்காக எண்ணெய் ஊற்ற வேண்டும்?

இன்னொன்றும் இருந்தது. கயல் ‘ஆமா’ என்றபோது, குற்றம் சாட்டியவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சாவி ஏன் விழுந்தது?

5.55. பெற்றோர்களும் விருந்தினர்களும் நாற்காலிகளில் அமரத் தொடங்கியிருந்தார்கள். தாட்சாயினி தீப்பெட்டி கேட்டு வாங்கி ஐந்து முகங்களையும் ஏற்றினாள்.

“கயல், இங்க வாரும். அந்த மேசையில எல்லாம் இருக்கு. திரியளை ஒருக்கா நூத்து விடும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கயல் மேடையேறினாள். எரியும் விளக்கை ஒருமுறை பார்த்தாள். மேசையிலிருந்த பஞ்சுச் சுருளை எடுத்து, ஒரு பிடி பிய்த்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டத் தொடங்கினாள். திரி நீண்டு வந்தது.

“என்ன பிள்ளை செய்யிறீர்?” என்றார் சிவமலர்.

“நீங்க சொன்னதுதான் மேடம். நூத்துப் போடுறேன்.”

“நூக்கிறதெண்டா?”

“நூல் நூக்கற மாதிரி, திரி நூக்கறது. எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு நூல் மில்லு. மொதல்ல நூத்தது மெலிசா வந்துச்சு. எண்ணெயில போட்டதும் சரிஞ்சிருச்சு. அப்புறம் தடிமனா நூத்துப் போட்டேன், எண்ணெயும் ஊத்தினேன். நல்லா எரிஞ்சுதே மேடம். திரும்பி வந்தப்ப அணைஞ்சிருந்துச்சு, நீங்கதான் அணைச்சீங்கன்னு நெனச்சேன்.”

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிவமலர் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ரீச்சர், உங்களுக்கும் எனக்கும் நூர்த்தல் எண்டா அணைக்கிறது,” என்றாள் தாட்சாயினி. “யாழ்ப்பாணத்தில பிறந்த ஆரும் அதை யோசிச்சுக்கூடப் பாக்க மாட்டினம். நானும் யோசிக்கேல்லை, அதே சொல்லாலதான் கேள்வியும் கேட்டன். பிள்ளையும் ‘ஆமா’ எண்டிட்டா. அவ விளக்கை அணைக்கவே இல்லை. முந்தியதை விட நல்லா எரிய விட்டிட்டுத்தான் கீழ வந்தவ.”

அவள் திரும்பினாள்.

“ஆனா, அவ விளக்கை நூத்ததைக் கண்ணால கண்டதெண்டு ஒருத்தர் சொல்லுறார். நடக்காத ஒண்டை எப்பிடி அண்ணை கண்டனீங்கள்?”

அரியரத்தினத்தின் நெற்றியில் வியர்வை கோடு போட்டிருந்தது. “தூரத்தில… எனக்கு வடிவாத் தெரியேல்லை…”

“நான் சொல்லுறன். நீங்கள் வரேக்க மண்டபத்தில ஒருத்தரும் இல்லை, விளக்கு மட்டும் சோதியா எரிஞ்சது. அந்த வெளிச்சத்தில கண்ணாடிக் கதவால ஆரும் பாத்தா மேடையில நிக்கிற ஆளைத் தெரியும். அதால நீங்கள்தான் நூத்தனீங்கள். நூக்கிறது கயலின்ர வேலையெண்டு பிறகு கன்டீனில ஆரோ சொல்லிக் கேட்டிருப்பியள். மறந்துபோய் விட்டிட்டா எண்டு நினைச்சியள். பழி போட நல்ல வசதி. ஆனா அவ ‘ஆமா, நான்தான்’ எண்டு சொன்ன உடன உங்கட கையில இருந்த சாவி விழுந்திட்டுது. ஏனெண்டா, அது பொய்யெண்டு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள்தான்.”

புதியவர்களின் வரிசையிலிருந்து கஜந்தினி எழுந்து வந்தாள். தகப்பனின் முன்னால் நின்றாள்.

“அப்பா, கோட்டைக் கழட்டுங்கோ.”

“பிள்ளை, வீட்ட போய்க் கதைப்பம்.”

“இவ்வளவு வெக்கையில ஏனப்பா கோட்டு?” அவளே பொத்தான்களைக் கழற்றினாள். அவர் தடுக்கவில்லை. உள்பையிலிருந்து சங்கிலி முதலில் வந்தது, பிறகு பதக்கம். 

“உனக்கெண்டுதான் இதைத் தொடங்கினனான்,” என்றார் அரியரத்தினம். “நீ சின்னப் பள்ளிக்கூடம் போகேக்கயே நினைச்சது. ஒருநாள் உன்ர கழுத்தில… இவ்வளவு வருஷம் மற்றவையின்ர பிள்ளையளுக்குப் போட்டுப் பாத்துக்கொண்டிருந்தன்.”

“நான் ரெண்டாவதா வந்தனான் அப்பா. அது எனக்குக் காணும். இப்ப கள்ளன்ர மகளா வந்து நிக்கிறன்.”

அவள் அழவில்லை. அவர்தான் அழுதார். சாவியை மேசையில் மகளுக்காக வைத்துவிட்டு, கூட்டத்தின் நடுவே யாரையும் பார்க்காமல் நடந்து கதவைத் தாண்டிப் போனார். தாட்சாயினிக்கு அவர்மேல் கோபம் இருந்தது. கூடவே ஒரு இரக்கமும் வந்து தொலைத்தது. இரக்கத்துக்கு அவள் வேலையில் இடமில்லை, ஆனால் இன்றைக்கு அவள் விடுமுறையில்தானே வந்திருந்தாள்.

6.10. விழா தொடங்கியது. சிவமலர் கைக்குள் பொத்தி வைத்திருந்த ஊசி அவர் உள்ளங்கையில் வடுவே போட்டுவிட்டது. அதைக் கயலின் சேலைத் தலைப்பில் குத்திவிட்டு, “மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கயல் தன் மெழுகுதிரியைத் தானே நூற்ற திரியிலிருந்து ஏற்றினாள். கைபேசிக்குள் அம்மா கைதட்டினார்.

“அறிந்ததை ஒளியேன்,” என்றாள் கயல். “அறியாததை அறிந்தேன் என்று…” அங்கே நின்றுவிட்டாள். காது மடல் சிவந்தது. முன்வரிசையில் தாட்சாயினி சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். “…தலையாட்டேன்.”

முதலிடத்துக்குப் பதக்கம் அணிவிக்க வழக்கமாக அரியரத்தினம் வருவார். மேடை வெறுமையாக இருந்தது. சிவமலர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, கஜந்தினி பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். சங்கிலியை விரித்தாள்.

“அங்கால திரும்பு,” என்றாள் மெதுவாக. “பூட்டி விடுறன்.”

கயல் வழக்கம்போலத் தலையாட்டினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“பூட்டுறதுன்னா என்ன?” என்று கேட்டாள்.