அறுபது மடங்கு ஜூம்

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஏழேகால். சித்திரபுரம் மின்வாரியக் குடியிருப்பில் யோகப்பிரியா கதவைத் திறந்தபோது சுருளிவேல் நின்றிருந்தார். கழுத்தில் கேமரா. முகத்தில் துக்கம்.

"கேமராவக் கொன்னுட்டான், தாயி."

யோகப்பிரியா விபத்து வண்டிகளைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுபவள். சித்தூர்ப் பக்கத்துக்காரி. எது எப்படி உடைந்தது என்று சொல்வதில் பெயர் வாங்கியவள். அவள் கணவன் கோகுல்நாத் மின்வாரிய ஊழியன். அவளுக்கு முன்பே சொல்லிவிடுவான், பெரும்பாலும் தவறாக.

பள்ளிவாசல் வளைவில் சுருளிவேலுக்கு டீக்கடை. எதிர்மலையில் மேயும் யானையை அறுபது மடங்கு ஜூமில் இழுத்துக் கேமராத் திரையில் காட்டுவார். யானை பார்க்க நிற்பவர்கள் டீ குடிப்பார்கள்.

"ஆருங்க கொன்னது?" என்றாள் யோகப்பிரியா.

"சுடலைமணி. எம் மக மாரீஸ்வரியக் கட்டப்போறவன். ஆயுத பூஜை மத்தியானம் அவன்தான் படம் பிடிச்சான். சாயங்காலம் பூஜையில வச்சேன். மறுநாள் எடுத்தா திரை இருட்டு. மூணாறுக் கடையில காட்டுனா, திரையே போச்சுங்கான். இவன்ட்டக் கேட்டா, 'என் தப்புதான் மாமா, புதுசு வாங்கித் தாரேன், இதத் தூக்கிப் போட்ருங்க'ங்கான். ஒரு கேமராவக் காப்பாத்தத் தெரியாதவன் எம் மகளக் காப்பாத்துவானா? கல்யாணத்த நிறுத்தப்போறேன்."

"அருவியில நனைச்சிருப்பான்," என்றான் கோகுல்நாத்.

யோகப்பிரியா கேமராவை வாங்கினாள். முன்னால், மேலே, பின்னால் என்று சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. கீறல் இல்லை. ஈரம் இல்லை. பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் முனகிக்கொண்டு நீண்டது. திரை மட்டும் இருட்டு.

"உசுரு இருக்குது. பார்வைதான் போச்சு," என்றான் கோகுல்நாத்.

அவள் முந்தானையால் துடைக்கப் போனாள். சுருளிவேல் பதறினார்.

"பொட்ட அழிக்காத தாயி! பூஜை போட்டது. அதுவா உதிரணும். மூணாறுக் கடைக்காரன்ட்டயும் சொல்லித்தான் குடுத்தேன்."

அவள் துடைக்கவில்லை. திரைக்கு மேலே கண் வைத்துப் பார்க்க ஒரு சின்னச் சன்னல் இருந்தது. அதில் கண்ணை வைத்து மலைப்பக்கம் திரும்பினாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். கண்ணை எடுக்க நேரமானது.

"உங்க டீக்கடைக்குப் போலாமுங்க. மாப்பிள்ளையும் வரட்டும்."

கடையில் சுருளிவேலின் மனைவி முத்துப்பேச்சி அடுப்படியில் இருந்தாள். மாரீஸ்வரி அழுது முடித்து, மறுபடி அழத் தயாராக இருந்தாள். சுடலைமணி தீர்ப்புக்கு நிற்பவனைப்போல் நின்றான்.

"கேமரா நல்லா இருந்தா கல்யாணம் உண்டுங்களா?" என்று யோகப்பிரியா சுருளிவேலைக் கேட்டாள்.

"உண்டு. தை மாசமே."

"எல்லாரும் கேட்டுக்கங்க. இதுக்குப் பொட்டு வெச்சது ஆரு?"

"நாந்தான். பின்னாடி ஒண்ணு சேத்து வச்சேன். கண்ணு படக்கூடாதுல்ல?"

"அந்தச் சன்னலுக்குப் பக்கத்துல கடுகாட்டம் சின்னதா ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்குதுங்க. கிட்டக்க கண்ணு வந்தா அதுக்குத் தெரியும். உடனே திரையை அணைச்சுப்போட்டு, படத்தைச் சன்னல்ல காட்டும். நீங்க அதுமேலயே சந்தனத்தை அப்பியிருக்கறீங்க. ஆரோ கண்ணை வெச்சுப் பாத்துட்டே இருக்காங்கன்னு கேமரா நம்பிட்டு இருக்குது."

மனதுக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுருளிவேல் தலையசைத்தார். அவள் துடைத்தாள். திரையில் எதிர்மலை எழுந்தது.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றான் கோகுல்நாத்.

"அருவின்னீங்க."

"அருவியும் ஒரு கோணம். சரி, உடைக்காத மனுசன் எதுக்கு ஒத்துக்கிட்டாரு?"

"அதைத்தான் நானும் ரோசனை பண்ணுனேனுங்க. புதுசு வாங்கித் தாராராம், இதை வீசிப்போடோணுமாம். அப்ப இது பொழைக்கறதுல அவருக்கு இஷ்டமில்லை. உள்ள இருக்கற ஏதோ படம் வெளிய வரக்கூடாது." அவள் கேமராவைச் சுருளிவேலிடம் நீட்டினாள். "கடைசிப் படத்தை நீங்க மட்டும் தனியாப் போய்ப் பாத்துக்கங்க."

"தனியா எதுக்கு? எந்தப் பொண்ணப் பிடிச்சு வச்சிருக்கான்னு எல்லாரும் பாக்கட்டும்."

"மாமா, வேண்டாம் மாமா," என்றான் சுடலைமணி. "நான் யானையத்தான் தேடினேன்."

"பாத்தியா, பதறுதான்!"

சுருளிவேல் திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி, பொத்தானை அழுத்தினார்.

பள்ளத்தாக்குக்கு அந்தப்பக்கம் இருக்கும் கள்ளுக்கடை. வாசலில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் சுருளிவேல். கையில் தூக்கிய கிளாஸ்.

"ஒரு கிலோமீட்டராச்சும் இருக்கும். மீசையில நுரை தெரியுது பாரு!" என்று வியந்தான் கோகுல்நாத்.

சுருளிவேல் அணைக்கும் பொத்தானைத் தேடினார். லென்ஸ் நீண்டது, பிளாஷ் எழுந்து நின்றது, படம் இன்னும் பெரிதானது. மாரீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை அழுகை இல்லை.

முத்துப்பேச்சி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"அன்னைக்கு மத்தியானம் பூஜைக்குப் பூ வாங்கப் போறேன்னுதான போனீக? கள்ளுக்கடையில என்ன பூ விக்கிறாக?"