சுவரோடு ஒட்டிய குருவிகள்

ஆறு குருவிகளும் கூட்டின் ஒரே பக்கத்தில், வீட்டுச் சுவரைப் பார்த்த கம்பிகளோடு, ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறையாக ஒட்டிக்கொண்டு நின்றன. தினைக் கிண்ணம் மற்றப் பக்கத்தில் இருந்தது. நேற்றுப் பின்னேரம் பெற்றிசியா நிரப்பி வைத்தபடியே, மேலே ஒரு உமிகூட உதிராமல், அப்படியே கிடந்தது.

பிஞ்ச் குருவிகள் சும்மா இருக்கிற சாதி அல்ல. விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை, விளையாட்டுக் காரின் ஹோர்னை அமத்துவதுபோலக் கீக் கீக் என்று கத்திக்கொண்டு, தேங்காய்த் தும்பை இழுத்து, முட்டையிட வைத்த மண்முட்டிக்குள் திணித்து, பிறகு தாங்களே அதை வெளியே எறிந்து, ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டே இருக்கும். மன்னாரின் தாழ்வுபாட்டுக் கிராமத்தில் தென்மேற்குச் சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் மணல் ஓடுகளில் உரசுகிற சத்தமும், கரையோரத்து மின்சாரக் காற்றாடிகள் சுழலுகிற சத்தமும், காய்கிற கருவாட்டின் மணமும் வீட்டுக்குள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அத்தனைக்கும் மேலாலே அந்தக் கீக் கீக் கேட்கும். இன்றைக்குக் காற்று மட்டும்தான் கேட்டது.

அவள் கிண்ணத்தைச் சுவர்ப் பக்கம் மாற்றி வைத்தாள். பாய்ந்து விழுந்து தின்றன. அப்படியென்றால் பசி இருக்கிறது, நோய் வருத்தம் இல்லை. கூட்டையே தூக்கித் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஆறும் ஒருமிக்கப் பறந்து, மறுபடியும் சுவர்ப் பக்கத்துக்கே வந்து ஒட்டின. கூட்டில் பிழையில்லை. விறாந்தையின் அந்தப் பக்கத்தில்தான் ஏதோ இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் ஒரு கதிரை மட்டும் இருந்தது. முதுகு வெடித்து, வலை தைக்கிற தங்கூசி நூலால் தைத்த நீலப் பிளாஸ்டிக் கதிரை. தைத்தவன் அவளுடைய புருஷன் றொசாந்தன்.

பெற்றிசியா பயந்த பெண் அல்ல. பயந்து பயந்து, அந்தக் கணக்கை முடித்துவிட்ட பெண். மன்னார் ரவுணில் குருவி விற்கிற மஹ்மூது நானாவுக்கு உடனே போன் எடுத்தாள். முதல் சோடியை அவரிடம்தான் வாங்கினாள். குஞ்சு பொரித்ததும் திருப்பி அவருக்கே விற்பாள்.

"செள்ளுப் பூச்சி கீச்சி இருக்கா எண்டு பாருங்க தங்கச்சி. ராவைக்கு ஒரு வெள்ளத் துணியால மூடி, காலைல உதறிப் பாருங்க. பாம்பு, பூனை ஏதும் அந்தப் பக்கத்தால வருதோ தெரியாது."

"பூனையெண்டால் கத்துங்கள்தானே நானா? இதுகள் வாயே திறக்குதில்ல."

துணியால் மூடினாள். காலையில் உதறினாள். ஒரு புள்ளிகூட இல்லை. கதிரையைச் சுற்றி மணலைப் பரப்பி விட்டாள்; பாம்பென்றால் தடம் இருக்கும். தடம் இல்லை. ஆனால் மத்தியான வெயிலில், விறாந்தைச் சீமெந்து கால் வைக்க முடியாமல் கொதிக்கிற நேரத்தில், கதிரையின் இருக்கை மட்டும் ஈரமாக இருந்தது. துடைத்தாள். பின்னேரம் திரும்பவும் ஈரம். விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஏன் வைத்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உப்பு.

கடற்கரை வீட்டில் எதுதான் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டு போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் மற்றக் கதிரைகள் காய்ந்து கிடந்தன.

அடுத்த நாள் பின்னேரம் ஆறில் ஒரு பொடியன் குருவி பாடியது.

இந்த வருஷம் பொரித்த ஆண் குஞ்சு அது. கன்னத்தில் செம்மஞ்சள் இப்போதுதான் பிடித்து வந்தது. இவ்வளவு நாளும் தொண்டைக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு திரிந்தது. முட்டி வாசலில் ஏறி நின்று, நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தது. இரண்டு குட்டைச் சத்தம். ஒரு நீட்டு.

குருவிகள் கொத்துவதற்காகப் பெற்றிசியா கையில் வைத்திருந்த கணவாய் ஓடு விழுந்து இரண்டாக உடைந்தது. அவள் கால்கள், அவளைக் கேளாமலே, வேலிப் படலையைத் திறக்கப் பாதி முற்றம் போய்விட்டன.

அது றொசாந்தனின் விசில். கடலால் வந்து, குடித்துவிட்டு, படலையடியில் நின்று அடிக்கிற விசில். மூன்றாம் தரம் அடிப்பதற்கு முன் படலை திறந்திருக்க வேண்டும். ஒரு நாள் சுணங்கியதற்குத்தான் அவளுடைய இடது கை மோதிர விரல் இன்றுவரை மடங்குவதில்லை.

போன சோளகத்தில் அவன் கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் ஓலைத்தொடுவாய்க் கரையில் ஒதுங்கியது. உடல் கிடைக்காதவர்களுக்கு அவன் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வெறும் பெட்டிக்குள் அவனுடைய சேர்ட்டையும் சாரத்தையும் வைத்து, மூடுவதற்கு முன் மனைவி பெட்டியைப் பார்த்து மூன்று தரம் "வாங்கோ" என்று கூப்பிட வேண்டும். கடலில் அலைகிறவன் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து பெட்டிக்குள் படுத்துவிடுவானாம். கோயில் பாதருக்கு இதெல்லாம் பிடிக்காது. அதனால் கல்லறைகள் உள்ள சேமக்காலை வாசலில், அவர் உள்ளே போனபிறகு செய்தார்கள்.

பெற்றிசியா வாயைத் திறக்கவில்லை. பதினொரு வருஷம் வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ, அடியாதேங்கோ என்று சொல்லிக் களைத்த வாய். இனி இல்லை.

"கூப்பிடடி," என்று மாமி அவள் கையைப் பிடித்து நெரித்தாள். "நீ எங்க நிண்டு கூப்பிடுறியோ, அங்கதான் அவன் வருவான். கூப்பிடாட்டி உள்ள வரேலாம வாசலில அந்தரிச்சுக்கொண்டு நிப்பானடி."

"நிக்கட்டும்," என்றாள் பெற்றிசியா.

ஊர் முழுக்க அந்த ஒரு சொல்லைக் கதைத்தது. அவள் கவலைப்படவில்லை. வள்ளத்தை விற்றாள், குருவி வாங்கினாள், மகள் கிருஷிகாவின் கட்டிலை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டாள். முந்தி அந்தப் பிள்ளை விசில் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடும். மாமி சொன்னதை அவள் நம்பவில்லை. ஆனாலும் 'வாங்கோ' என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து எடுத்துவிட்டாள். யார் வந்தாலும் "வந்திட்டியளோ, இருங்கோ" என்பாள். முந்தி மகளைச் செல்லமாக "வாங்கோ பிள்ளை" என்றுதான் கூப்பிடுவாள். இப்போது வெறும் "வா".

திரும்ப மஹ்மூதுக்குப் போன் எடுத்தாள்.

"நானா, ஒரு குருவி மனிசன் அடிக்கிற விசில் அடிக்குமோ?"

"பழக்கினா அடிக்கும். பொடியன் குருவி தகப்பன்ட பாட்டத்தான் பிடிக்கும். தகப்பன் இல்லாட்டி, கிட்ட இருந்து பாடுறவன்ட பாட்ட."

"இது முட்டையில இருக்கேக்கையே தகப்பன் குருவி செத்துப்போச்சு. ரோட்டால ஆரும் விசிலடிச்சுக்கொண்டு போனதைக் கேட்டிருக்குமோ?"

"ஏலாது தங்கச்சி. ரோட்டால போறவன்ட பாட்டு ஏறாது. கூட்டுக்குப் பக்கத்தில இருக்கவேணும். முகத்தப் பாத்துக்கொண்டு, நாள்க்கணக்கா, ஒவ்வொரு நாளும் இருந்து சொல்லிக் குடுக்கவேணும்." சிரித்தார். "ஏன், வீட்டில ஆரும் ஆம்பிளையள் வந்து தங்கி நிக்கிறாங்களோ?"

பெற்றிசியா போனை வைத்துவிட்டுக் கதிரையைப் பார்த்தாள்.

கூட்டிலிருந்து ஒரு கை தூரம். கூட்டைப் பார்த்தபடி. அவள் அப்படித் திருப்பி வைக்கவில்லை.

மாதக்கணக்காக. அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது, கிருஷிகா அதே விறாந்தையில் பாயைப் போட்டுப் பாடம் படிக்கும்போது, அவன் அங்கே இருந்திருக்கிறான். வீட்டுக்குள் வர முடியாமல். கூப்பிடாத வீட்டின் விறாந்தையில், ஈரத்தோடு, உதட்டைக் குவித்துக்கொண்டு. அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். பதினொரு வருஷமாக அடிவயிற்றில் மூடி வைத்தது.

வீட்டை விட்டு ஓடலாம். முருங்கனில் அக்கா இருக்கிறாள், வா வா என்று ஓயாமல் சொல்கிறாள். எதற்காக ஓட வேண்டும்? அவள் கல்லடுக்கி, கருவாடு விற்றுக் கட்டின வீடு. அவன் ஒரு சீமெந்து மூட்டையும் தூக்கவில்லை.

குசினிக்குப் போய் விறகு கொத்துகிற கோடாலியை எடுத்து வந்தாள். கதிரைக்கு முன்னால் நின்றாள். குருவிகள் மூச்சுக் காட்டவில்லை. ஈரம் இருக்கையிலிருந்து கால் வழியாக இறங்கி, சீமெந்தில் மெல்ல அகன்றது. இரண்டு பாத அளவுக்கு.

"எழும்பு," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. வாழ்க்கையில் முதல் தரம் அவனை 'நீ' என்கிறாள். வாய்க்கு இனித்தது.

"எழும்படா. இது என்ர வீடு. நீ விசிலடிச்சுச் சாகு, இந்தப் படலை உனக்குத் திறக்காது. செத்தும் உனக்கு ஒருத்தி எழும்பி வந்து கதவு திறக்கவேணுமோ? போடா!"

கோடாலி இறங்கியது. பிளாஸ்டிக் சிதறி முற்றமெல்லாம் பறந்தது. தங்கூசி நூல் ஒவ்வொரு தையலாக அறுந்தது. கால்களையும் விடவில்லை. துண்டுகளை அள்ளி, வேலிக்கு வெளியே எறிந்தாள். அங்கே மேய்ந்துகொண்டு நின்ற கழுதை ஒன்று துள்ளி விழுந்து ஓடியது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

கீக், என்றது ஒரு குருவி.

திரும்பிப் பார்த்தாள். ஒன்று துணிந்து நடுக்கம்பியில் வந்து இருந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஆறும் கூடு முழுக்கப் பரவி, தும்பை இழுத்து, சண்டை பிடித்து, உமியை வாரி இறைத்தன. அந்தப் பக்கத்தில் இப்போது ஒன்றும் இல்லை. பெற்றிசியா கோடாலியைச் சுவரில் சாத்திவிட்டு, விறாந்தைப் படியில் கால் நீட்டி இருந்தாள். பாதத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் துண்டைத் தட்டி விட்டாள். வென்றுவிட்டாள்.

பொழுதுபட்டு, வெளிச்சம் செம்மண் நிறமாகி மங்குகிற நேரம், படலையடியில் கிருஷிகாவின் சைக்கிள் ஸ்டான்ட் தட்டுகிற சத்தம் கேட்டது. டியூசனால் வந்துவிட்டாள். கை படலைக் கொளுக்கியில். அந்த நேரம் பார்த்துப் பொடியன் குருவி முட்டி வாசலில் ஏறியது.

இரண்டு குட்டை. ஒரு நீட்டு.

பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. புத்தகப் பை தோளால் சரிந்தது.

"அது குருவி பிள்ளை. சும்மா பழகிப்போச்சு. வா."

கிருஷிகா அசையவில்லை. கண் இரண்டும் வட்டமாகிப் போயிருந்தன. தகப்பன் அவளை 'வா' என்றுதான் கூப்பிடுவான், பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு. பெற்றிசியாவுக்கு நெஞ்சு உருகியது. இனி யாருக்குப் பயந்து ஒரு சொல்லை ஒளித்து வைக்க வேண்டும்? படியில் எழும்பி நின்று, பழைய குரலில், பழைய செல்லத்தோடு கையை நீட்டினாள்.

"வாங்கோ பிள்ளை."

பிள்ளை கொளுக்கியைக் கழற்றியது.

"வாங்கோ. இஞ்ச ஒருத்தரும் இல்ல, அம்மா மட்டும்தான்."

படலை கிரீச்சிட்டது. ஒரு கால் உள்ளே.

"வாங்கோ."

கிருஷிகா ஓடி வந்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள். தலையில் வெயில் மணம். பெற்றிசியா அவளை இறுக்கி அணைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் இறக்கைகள் அடித்துக்கொண்டன. ஆறு சோடி இறக்கைகள்.

பிறகு அமைதி.

மெல்லத் தலையைத் திருப்பினாள். குருவிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. முற்றத்துப் பக்கக் கம்பிகளோடு. சுவருக்கு முதுகு காட்டிக்கொண்டு. வீட்டுக்கு முதுகு காட்டிக்கொண்டு.

மூன்று தரம். தன் வாயால். தன் வீட்டுப் படியில் நின்று.

உள்ளே, இருட்டிய ஹோலில், ஈரமான பாதம் ஒன்று சீமெந்தில் ஒட்டி எழும்பியது. சளக். இன்னொன்று. டீசல் மணம். சாராய மணம். அதற்கு அடியில், நாள்பட்ட கடல்.

"அம்மா, உள்ளுக்கு ஆர்?"

"ஒருத்தரும் இல்ல. சைக்கிள எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடு. பாதரோட நில்லு. திரும்பிப் பாக்காத."

"நீங்கள்?"

"ஓடெண்டெல்லோ சொல்லுறன்!"

பிள்ளை ஓடியது. பெற்றிசியா படலைவரைக்கும் பின்னால் போனாள். வெளியே ஒரு அடி வைத்தால் அவளும் தப்பலாம். ஆனால் திறந்த படலையால் அவனும் போகலாம், பிள்ளை போன வழியில்.

உள்ளேயிருந்து விசில் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீட்டு. குருவியின் வாய் மூடியிருந்தது. தலையைச் சரித்து, பாடம் கேட்கிற பிள்ளையைப்போல, அது வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

பெற்றிசியா படலையில் தொங்கிய பூட்டை எடுத்து, உள்பக்கத்தால் பூட்டினாள். பூட்டின் திறப்பை வேலிக்கு மேலாலே, எட்டாத தூரத்துக்கு எறிந்தாள்.

இரண்டாம் விசில்.

"அடியடா," என்றாள். நடந்து வந்து கோடாலியை எடுத்தாள். மடங்காத விரல் பிடியில் நேராக நீட்டிக்கொண்டு நின்றது. "மூண்டாவதையும் அடி. திறக்கமாட்டன்."

வாசல் திரைச்சீலையில் காற்றுப் படவில்லை. மேலிருந்து கீழ்வரை நனைந்து, ஒரு ஆளின் தோளிலும் மார்பிலும் முகத்திலும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. வாய் இருக்கிற உயரத்தில், சீலை சின்ன வட்டமாக, மெல்ல மெல்ல, உள்ளே இழுபட்டது.