பத்தடிக்குப் பின்னால் ஏழு

ஆலமரத்துக் கல்லைத் தாண்டும்போதுதான் ஸௌந்தரராஜன் அதை முதன்முதலாகக் கேட்டான்.

வரிசையில் ஆறு பேர். வழக்கப்படி முன்னாலிருந்து ஒவ்வொருவராக எண் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கடைசி ஆளான அவன் “ஆறு” என்றான். சொன்ன வாயை மூடுவதற்குள், பின்னால், வெகு தூரத்தில், பாலாற்று மணல் பக்கமிருந்து யாரோ சொன்னார்கள்.

“ஏழு.”

அவன் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. அது சின்ன காஞ்சிபுரம் உலாவல் சங்கத்தின் முதல் விதி. ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டர் கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் போட்ட விதி. திரும்பிப் பார்த்தால் நடை கெடும், நடை கெட்டால் மூச்சு கெடும் என்பார். தினமும் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தேரடியில் கூடி, ஓரிக்கை ரோட்டில் நடந்து, ஆற்று மணலில் இறங்கி, நாணல் திட்டைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். தை மாதப் பனியில் முன்னால் போகிறவனின் முதுகே தெரியாது என்பதால், வழியில் சுண்ணாம்பு அடித்த ஒவ்வொரு கல்லிலும் அவரவர் எண்ணை அவரவர் சொல்ல வேண்டும். எண் சரியாக வந்தால் எல்லாரும் வருகிறார்கள் என்று அர்த்தம். காதுதான் கணக்கு.

ஊருக்குள் நுழைந்தபோது தெருவில் தறிக்குப் பாவு நீட்டத் தொடங்கியிருந்தார்கள். கஞ்சி வாசனையும் சாயத் தொட்டியின் புளித்த வாசனையும் பனியில் கலந்து மூக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டன. ஸௌந்தரராஜன் சால்வையைக் காதை மூடி இழுத்துக்கொண்டான்.

காபி கிளப்பில் எல்லாரும் உட்கார்ந்ததும் பாச்சா ஆரம்பித்தான். கோர்ட்டில் குமாஸ்தா. வாய் சும்மா இருக்காது.

“ஓய் செக்ரட்டரி, ஆறு உமக்குப் போறலையா? ஏழையும் சேத்து விழுங்கறீரே!”

“நான் சொல்லலை.”

“உம்ம குரல்தான்யா. மூக்கால எண்ணறவன் இந்த ஊர்ல உம்மை விட்டா வேற எவன்?”

பட்டுக்கடை பஞ்சாட்சரம் டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்கும் கேட்டுதுபா. அந்தப் புள்ள போனதுலேர்ந்தே என் காதுல ஏழு கேட்டுக்கினுதான் இருக்குது. மனசு.”

“விளையாட்டுக்கும் ஒரு அளவு உண்டு” என்றார் கிருஷ்ணஸ்வாமி. “நேத்து தாவீதோட ஆம்படையா வந்து வாசல்ல நின்னு அழறா. அவனைக் காணாம ஆறு வாரமாச்சு.”

எல்லாருடைய கண்ணும் ஒரு தடவை தெருப்பக்கம் போய் வந்தது. தாவீது அங்கேதான் நிற்பான். மழையானாலும் வெயிலானாலும் தெருவில் நின்றபடி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்த டம்ளரில் காபி குடித்துவிட்டு, “வரேன் சார்” என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவான்.

தாவீது மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். போன வருஷம் கிருஷ்ணஸ்வாமிதான் அவனைச் சங்கத்தில் சேர்த்தார். நடக்கிறவனுக்கு நடைதான் ஜாதி என்று மேஜையைத் தட்டிப் பேசினார். காரியதரிசி ஸௌந்தரராஜன் எதிர்த்துப் பேசவில்லை. சங்கத்தின் நோட்டில் பச்சை மையால் ஒரு வரி மட்டும் சேர்த்தான்: ஏழாவது அங்கத்தினர் மற்றவர்களுக்குப் பத்தடி பின்னால் நடக்க வேண்டியது. கிருஷ்ணஸ்வாமி அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சங்கத்து ஆண்டு விழாவில் திருமுக்கூடல் வரைக்கும் நடைப் பந்தயம் உண்டு. ஜெயித்தவனுக்கு வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. இரண்டு வருஷமாக அது ஸௌந்தரராஜனிடம்தான் இருந்தது. தினம் அரப்புப் பொடி போட்டுத் துடைப்பான். மனைவி பூமா கூட அதைத் தொடக் கூடாது. அந்த வருஷம் அவன் நாக்குத் தள்ளத் திருமுக்கூடல் கோயில் வாசலைத் தொட்டபோது, தாவீது குளித்து, தலை காய்ந்து, வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு எதிரே நின்றான். பிரம்பை அவன் கையில் இவனே கொடுக்க வேண்டியிருந்தது.

“பத்தடி பின்னாடி நடன்னீர். அவன் பத்து மைல் முன்னாடி போயிட்டானேய்யா!” என்று பாச்சா கத்த, எல்லாரும் சிரித்தார்கள். தாவீதும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் ஸௌந்தரராஜன் மறக்கவில்லை.

பிறகு மார்கழியில் அந்தக் காலை.

நாணல் திட்டைச் சுற்றித் திரும்பும்போது, பின்னால் மணல் சரியும் சத்தம். மூட்டையைக் கவிழ்த்த மாதிரி, பெரிதாக இல்லை. குடிதண்ணீருக்குத் தோண்டிப்போட்ட ஊற்றுக்குழிகள் மழைக்குப் பிறகு மேலே மூடிக்கொண்டு அடியில் கூழாகக் கிடக்கும். “சார்!” என்று ஒரு தடவை கேட்டது. ஸௌந்தரராஜனுக்கு மட்டும் கேட்டது. மற்றவர்கள் கரை ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் நின்றான். திரும்பவில்லை. பிறகு நடந்தான்.

கரைக் கல்லில் எண்ணிக்கை வந்தது. “ஆறு” என்றான். அதன் பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில், மணல் நிரம்பிய வாயால், தூரத்தில், தாவீது தன் எண்ணைச் சொன்னான். உதவி என்று கூடக் கூப்பிடவில்லை. எண்ணைச் சொன்னால் போதும், எண்ணிக் கேட்டுக்கொண்டு போகிறவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று நம்பினானோ என்னவோ. ஆனால் அது முன்னால் எட்டவில்லை.

“ஏழு எங்கே?” என்றார் கிருஷ்ணஸ்வாமி பனிக்குள்ளிருந்து.

ஸௌந்தரராஜன் தொண்டையை இறுக்கிக்கொண்டு, முகத்தைத் தோள் பக்கம் சாய்த்து, “ஏழு” என்றான்.

வரிசை நகர்ந்தது. அடுத்த கல்லிலும் சொன்னான். அதற்கடுத்த கல்லிலும். ஆலமரம் வரைக்கும் சொன்னான். காபி கிளப்பில், “ஆலமரத்துக்கிட்ட அவன் தெருப் பக்கமாத் திரும்பிட்டான் போலிருக்கு” என்றான். ஐந்து பேரும் ஆலமரம் வரை ஏழு கேட்டதாகப் போலீஸில் சத்தியம் செய்தார்கள். ஆலமரத்துக்கு ஊர்ப்பக்கம் எல்லாக் கிணற்றிலும் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். ஆற்று மணலை யாரும் தோண்டவில்லை.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்கு வடிவு வந்தாள். தாவீதின் மனைவி. படியேறாமல் வாசலிலேயே நின்றாள்.

“அய்யா, ஆலமரத்தாண்ட அவரு கொரலு கேட்டுச்சுன்னு சொன்னீங்களாமே. நெசமா அவரு கொரலுதானா?”

“அவன் குரல்தாம்மா.”

“நல்லாக் கேட்டீங்களா?”

“பத்தடியில. அவன் குரலேதான்.”

வடிவு அவன் முகத்தையே பார்த்தாள். அழவில்லை.

“அப்பச் சரி. ஆலமரம் வரைக்கும் வந்த கொரலு மிச்ச தூரமும் நடந்து வூடு வந்து சேரணும். நீதான கடைசியாக் கேட்ட? நீயே கூட்டியா.”

அவள் போன பிறகுதான் ‘நீ’ என்று சொன்னது அவனுக்கு உறைத்தது.

இப்போது அது வந்துகொண்டிருந்தது.

முதல் நாள் ஆற்றிலிருந்து கேட்டது. மறுநாள் கரைக் கல்லிலிருந்து. அதற்கு மறுநாள், நடையோடு சேர்ந்து, ஒரு பர்லாங்கு பின்னால். ஈரக் கால் ஒன்றை மணலிலிருந்து பிடுங்கி அடுத்ததை வைக்கிற ஓசை, தார் போடாத ரோட்டில் கூட மணலின் ஓசை, நிதானமாக, மூச்சு வாங்காமல், நன்றாக நடக்கத் தெரிந்த ஒருவனின் நடை. குரல் மட்டும் தாவீதுடையது அல்ல. தொண்டையை இறுக்கிக்கொண்டு, மூக்கால், தோள் பக்கம் சாய்த்துச் சொன்ன அதே குரல். அவனுடைய குரல். அவன் கொடுத்த குரலையே அது திருப்பிக் கொண்டுவந்தது.

வீட்டில் பூமா படுக்கையை உதறினாள். “ஏன்னா, இதென்ன இத்தனை மணல்? ஈரமா வேற இருக்கு.”

“ஆத்துக்குப் போறேன், ஒட்டிக்காதா?”

“தலகாணிக்கு மேலயுமா?” என்றாள். பிறகு மெதுவாக, “தூக்கத்துல ஏழு ஏழுங்கறேள். மருந்து வாங்கிச் சாப்பிடுங்கோ” என்றாள்.

வியாழக்கிழமை அது சரியாகப் பத்தடியில் இருந்தது. எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. பாச்சா கூடச் சிரிக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருக்க, கிருஷ்ணஸ்வாமி சொன்னார்.

“நாளைக்கு வடிவை ஆலமரத்துக் கல்லுகிட்ட நிக்கச் சொல்லியிருக்கேன். ஆம்படையான் குரல் அவளுக்குத் தெரியாதா? அவனா, இல்லை எவனாவது குரலை மாத்திண்டு வேஷம் போடறானான்னு அவ சொல்லிடுவா.”

“பெரிய வாத்தியாரே, அப்படி எவனாவது இருந்தா?” என்றார் பஞ்சாட்சரம்.

“அப்போ அன்னிக்கு ஏழு சொன்னதும் அவனாத்தான் இருக்கும்.” கிருஷ்ணஸ்வாமி யாரையும் பார்க்காமல் சொன்னார். “ஆத்துல தோண்டணும். அவனையும் நிறுத்தி வச்சுண்டு தோண்டணும்.”

ஸௌந்தரராஜன் காபியை விழுங்கினான். பல்லில் மணல் கடிபட்டது.

வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் அவன் வராத அன்று ஏழும் வராமல் போனால், ஊரே முடிவு கட்டிவிடும். போக வேண்டும். ஆலமரத்துக் கல்லில் ஏழு வரும் நேரம் பார்த்துப் பலமாக இரும வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வெள்ளிக்கிழமை தேரடிக்குப் போனான்.

அன்று போல் பனி அதற்குமுன் இறங்கியதில்லை. ஓரிக்கை ரோட்டுப் புளியமரங்கள் வேரிலிருந்து ஒரு முழம் மட்டும் தெரிந்தன, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. போகும்போது ஆலமரத்தடியில் ஒரு புடவை நின்றது. வெறும் புடவை மாதிரிதான் தெரிந்தது. தாண்டும்போது அதன் தலை மட்டும் அவன் கூடவே திரும்பியது.

எண்ணினார்கள். ஆறு வரை வந்தது. ஏழு வரவில்லை.

கரைக் கல்லிலும் வரவில்லை. மணலில் இறங்கினார்கள். கால் புதையும் சர்சர் சத்தம், நாணல் பூவின் ஈர வாசனை, எங்கோ ஒரு ஆள்காட்டிக் குருவி. அவனுக்கு மூச்சு லேசாகியது. போய்விட்டது. தானாகவே போய்விட்டது. இனி வடிவு எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கட்டும்.

திட்டைச் சுற்றினார்கள். முன்னால் பஞ்சாட்சரத்தின் இருமல் தூரமாகிக்கொண்டே போனது.

பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

பிரம்பு கல்லில் தட்டும் சத்தம். வெள்ளிப் பூண் தட்டும் சத்தம். இரண்டு வருஷம் அவன் கையில் கேட்ட சத்தம்.

டக்.

அது இங்கே கிடந்தால் எல்லாம் தெரிந்துவிடும். விடிந்ததும் யாராவது பார்ப்பார்கள். காணாமல் போன அன்று தாவீது பிரம்போடுதான் வந்தான் என்று ஊருக்கே தெரியும். ஆலமரத்துக்கு ஊர்ப்பக்கமாகக் காணாமல் போனவனின் பிரம்பு ஆற்று மணலில் எப்படி வந்தது என்று கேட்பார்கள். தோண்டுவார்கள்.

ஸௌந்தரராஜன் திரும்பினான். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவை.

யாரும் இல்லை. பத்தடியில், வெண்மணலில், செங்குத்தாக அந்தப் பிரம்பு நின்றது. பூண் பளபளத்தது. யாரோ தினமும் துடைத்த மாதிரி.

எடுத்துவிடலாம். எடுத்து நாணலுக்குள் எறிந்துவிட்டு நாலு எட்டில் வரிசையைப் பிடித்துவிடலாம்.

ஒரு அடி. மூன்று. ஆறு. ஏழு.

மணல் கெட்டியாகத்தான் இருந்தது. எட்டு. ஒன்பது. கையை நீட்டினான்.

பிரம்பு உள்ளே போனது. மெதுவாக. கீழேயிருந்து இழுத்த மாதிரி.

பிடித்துவிட்டான். விடவில்லை. அப்போதுதான் காலடியில் அந்தச் சத்தம். மூட்டையைக் கவிழ்த்த மாதிரி. பெரிதாக இல்லை.

இடுப்பு. மார்பு. குளிர்ந்த கூழ். கை மேலே வரவில்லை. அசைய அசைய இறங்கினான். அசைவதை நிறுத்தினான். அப்போதும் இறங்கினான்.

“பாச்சா!” என்றான். வந்தது மூச்சு மட்டும். குரல் இல்லை. வாயைத் திறந்தான், மூடினான், திறந்தான். தொண்டை வேலை செய்தது. குரல் மட்டும் அங்கே இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

கரைக் கல். எண்ணுகிறார்கள்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

இடைவெளி.

திரும்புங்கள். ஒரு தடவை திரும்புங்கள்.

“ஆறு.”

மூக்கால். அவன் குரல். கரையிலிருந்து. ஐந்தாவது ஆளுக்கு அடுத்தபடியாக, எப்போதும் அவன் நடக்கும் இடத்திலிருந்து.

பிறகு, பத்தடிக்குப் பின்னால், கனமாக, மணல் இல்லாத சுத்தமான வாயால், டிரில் மைதானத்தில் பையன்களைக் கூப்பிடுகிற தொண்டையால், தாவீது சொன்னான்.

“ஏழு.”

வரிசை நகர்ந்தது. அடுத்த கல். ஆறு. ஏழு. அதற்கடுத்த கல். ஆலமரத்தடியில் வடிவு நிற்கிறாள். கேட்பாள். இரண்டு குரலும் அவளுக்குத் தெரியும். ஆறு பேரும் பத்திரமாக ஊர் சேர்ந்தார்கள் என்று ஐந்து பேர் சத்தியம் செய்வார்கள். கிணறுகளில் பாதாளக்கரண்டி போடுவார்கள்.

மணல் தாடையைத் தொட்டது. உதட்டைத் தொட்டது.

மணலுக்கு அடியில் அவன் வலது கை இன்னும் பிரம்பைப் பிடித்திருந்தது. வெள்ளிப் பூண் வெதுவெதுப்பாக இருந்தது. விட்டுவிட நினைத்தான்.

முடியவில்லை. அவனுடைய ஐந்து விரல்களின் மேல், ஒவ்வொன்றாக, வேறு ஐந்து விரல்கள் மூடிக்கொண்டன.